சீன ஊசியும் கல்முனைக் குளிசையும்

மட்டக்களப்பில் காலை பஸ் ஏறித் தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் வந்தால் கல்முனை. இடப்பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடல், வலப்பக்கம் வாவி, பிறகு வயல். பெரியநீலாவணை கழிந்ததும் மருதமுனை. முந்தியெல்லாம் தறிச் சத்தம் றோட்டுக்கே கேட்குமென்பார்கள். இப்போது பஸ்ஸில் போடுகிற பாட்டுக்குள் எதுவும் கேட்பதில்லை. பிறகு பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். ஓர் ஊரில் கோயில் கோபுரம், அடுத்த ஊரில் பள்ளிவாசல் மினாரா. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறதென்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஊரவருக்கு வேலியளவில் தெரியும். 1985இலும் 1990இலும் அந்த வேலிகளில் என்ன நடந்ததென்பதும் இரண்டு பக்கத்துப் பெண்களுக்கும் தெரியும். அதை எழுத நான் இங்கே வரவில்லை.

ஆறு வருடமாக வாரத்தில் மூன்று நாள் இந்தப் பாதையில் வேலைக்கு வருகிறேன். சென்ற வருடம் சாய்ந்தமருதில் ஒரு தாயோடும் மகளோடும் கொழும்புக்குப் போய் வந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இருவரும் எழுதச் சம்மதித்தார்கள், பெயர் மட்டும் வேண்டாமென்றார்கள்.

அந்தத் தாயை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவ என்னை மிஸ் என்பா. மனம் இளகினால் மகள் என்பா. அவவுடைய வாப்பா 1990இல் வயலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அப்போது ராத்தாவுக்குப் பத்து வயது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கைக்குழந்தையாயிருந்த மூத்த பிள்ளையும் கடற்கரை வீடும் போயின. இலங்கையில் அன்று ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேல். அந்தக் கணக்கில் ஒன்று அவவின் பிள்ளை. இரண்டு வருடத்தின் பின் பிறந்தவள்தான் இந்த மகள். புருஷன் கட்டாருக்குப் போனவர், இப்போது தொடர்பில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கரையோரத்தில் வீடென்பது பெண்பிள்ளைக்குரியது. கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த நாளிலிருந்தே உம்மாவின் எண்ணம் கல்லிலும் சீமெந்திலும் இருக்கும். சுனாமி அள்ளிக்கொண்டு போனது வீடுகளை மட்டுமல்ல, எத்தனையோ குமர்ப்பிள்ளைகளின் கலியாணத்தையும்தான். ராத்தாவுக்கு வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. இரண்டாவது அறையைத் தானே தைத்துச் சம்பாதித்துக் கட்டினா. மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு சம்பந்தமும் பேசி வந்தது. வந்தவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்த வீட்டில் இருந்தது.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. வகுப்பில் முதன்முதலாக விழுந்தபோது ஆசிரியை ஒருவர் கையில் திறப்புக் கோர்வையை வைத்து அழுத்தினார். அன்றைக்கே ஓதிப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக்குக் கொண்டுபோய் நாகூர் ஆண்டகை பேரில் நேர்ச்சை வைத்தார்கள். கொடியேற்றக் காலத்தில் அந்த மணலில் எல்லா ஊர்ச் சனமும் இருக்கும், எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் வருவார்கள். பிறகு ஒரு பரிசாரியார். கடைசியாகத்தான் ஆஸ்பத்திரி. அங்கே தலையில் வயர்கள் பொருத்தி மூளையின் மின்னோட்டத்தைப் பதிந்து பார்த்துவிட்டு, காபமசெப்பின் என்ற குளிசையைக் காலையும் இரவும் போடச் சொன்னார்கள். மாதமொரு முறை கிளினிக். செலவு பஸ் காசு மட்டும்.

குளிசை போட்டதும் வலிப்பு நின்றுவிட்டதென்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்றாக வந்தது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ராத்தா குளிசையைப் பாதியாக உடைத்து நாளைக் கூட்டினா. அந்த மாதமே மூன்று முறை விழுந்தாள்.

எனக்கு மனதில் நிற்பது வேறொன்று. அந்தப் பிள்ளை வெயிலென்றாலும் மழையென்றாலும் அபாயாவுக்குள்ளே இறுக்கமான நீளக் காற்சட்டை ஒன்று போட்டிருப்பாள். முந்தானையில் ஊசி குத்தமாட்டாள், விழும்போது குத்திவிடுமென்று அதற்குப் பதிலாகத் தைத்துவிட்டிருப்பாள். ஒருநாள் நான் கேட்டேன். பிள்ளை பதில் சொல்லவில்லை. உம்மாதான் சொன்னா.

“எங்கட கிதாபுல ஒரு கதை இரிக்கி மிஸ். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்கட்ட ஒரு பொம்புள வந்தா. அவக்கும் இந்த வருத்தம். துஆ கேளுங்க எண்டு கேட்டா. சபூர் செஞ்சா சொர்க்கம், இல்லாட்டி சுகமாக துஆ கேக்கிறன், எது வேணுமெண்டு அவங்க கேட்டாங்க. அவ சபூர் செய்யிறன் எண்டுட்டா. ஆனா ஒண்டு மட்டும் கேட்டா, விழக்குள்ள என்ட உடுப்பு விலகக்கூடாது, அதுக்கு துஆ கேளுங்க எண்டு. அதத்தான் இவளும் கேக்கிறாள்.”

புகாரி ஹதீஸ் தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறதென்று பிறகு அறிந்துகொண்டேன். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு பெண் வலியையும் பயத்தையும் விட எதற்கு அஞ்சினாளோ அதற்கே இன்றைக்குச் சாய்ந்தமருதில் ஒரு பிள்ளை நீளக் காற்சட்டை போடுகிறாள். சமூகவியல் வகுப்பில் ‘களங்கம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் குறிப்பு எழுதியவள் நான். அந்தக் குறிப்பில் இந்தக் காற்சட்டை இருக்கவில்லை.

சம்பந்தம் பேசி வந்த பிறகுதான் ராத்தாவின் காதில் ‘சீன ஊசி’ விழுந்தது. கொழும்பில் ஊசி குத்தி வலிப்பை அடியோடு மாற்றுகிறார்களாம், பத்துத் தரம் போனால் குளிசையே தேவையில்லையாம். சொன்னவர் யாரென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. “நீங்க ஒருக்கா கூட வாங்க மிஸ், எனக்குச் சிங்களமும் வராது” என்று கேட்டா. போகவேண்டாமென்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: குளிசைப் பெட்டி கைப்பையில் வரவேண்டும், ஒரு நேரமும் தவறக்கூடாது.

அந்த நிபந்தனைக்குக் காரணம் என் வீட்டுக்குள் இருக்கிறது. என் அண்ணாவுக்குத் தலையில் ஷெல் துண்டு பட்டது. காயம் ஆறிப் பல மாதங்களுக்குப் பிறகு வலிப்பு தொடங்கியது. தலைக்காயத்தால் இப்படி வருமென்பது எங்களுக்குத் தெரியாது. யுத்தம் நடந்த இடங்களில் எத்தனையோ பேருக்கு வந்திருக்கிறது. குளிசை போட்டு நன்றாயிருந்தார். யாரோ ஒருவர் மூக்கில் விடுகிற எண்ணெய் கொடுத்து, இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் இது பிடிக்குமென்றார். நிறுத்திய மூன்றாம் கிழமை, வாவியில் தோணியில் இருந்தபடியே அண்ணாவுக்கு வலிப்பு வந்தது. எங்களுக்கு உடல் கிடைத்தது. அதற்கும் நன்றி சொல்லவேண்டிய காலம் அது.

கல்முனையிலிருந்து இரா பஸ் எடுத்தோம். விடியக் கொழும்பு. எங்களுக்குத் தந்த நேரம் பின்னேரம் மூன்று மணி. அதுவரை எங்கே இருப்பதென்று தெரியாமல் கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கல் இருக்கிறது. சீனாவின் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நிறுத்தியது, 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்தது, 1911இல் காலியில் கண்டெடுத்தது. ஒரே கல்லில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனைத் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. செங் ஹோவே ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைதான் என்றேன். ராத்தா கல்லை ஒருதரம் சுற்றி வந்தா. “அப்ப சீனக்காரன் எங்களுக்குப் புதுசில்ல” என்றா. பிள்ளை முதன்முதலாகச் சிரித்தாள்.

ஊசி வைத்தியமும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1970களில் வாதநோய் வைத்திய நிபுணர் அன்ரன் ஜயசூரிய சீனாவில் அக்குபங்சர் பழகி வந்து, களுபோவில கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் அதைத் தொடங்கினார். பழக வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர் 2005இல் காலமானார். முழங்கால் நோவு, இடுப்பு நோவு, தலையிடி இவற்றுக்குத்தான் சனம் கூடுதலாக ஊசிக்குப் போகிறது.

நாங்கள் போனது ஒரு சிறிய தனியார் நிலையம். வயது போன சிங்கள வைத்தியர், கொஞ்சம் தமிழ் பேசினார். மருத்துவப் பட்டமும் உண்டு, ஊசியும் பழகியவர். பிள்ளையின் கிளினிக் கொப்பியை முதலில் கேட்டு வாங்கி முழுவதும் படித்தார். எனக்கு அப்போதே பாதிப் பயம் போனது.

சீன மருத்துவத்தில் வலிப்பைப் பற்றி என்ன சொல்கிறார்களென்று கேட்டேன். உடலுக்குள் காற்று கிளம்பி, கோழையைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறி, அறிவின் வாசலை மூடிவிடுகிறதாம். அதனால் விழுகிறார்களாம். ராத்தா உடனே, “எங்கட யூனானிப் பரிசாரியும் சளி மூளைக்கு ஏறினதெண்டுதான் சொன்னாரு” என்றா. உண்மைதான். யூனானியில் பல்கம், ஆயுர்வேதத்தில் அபஸ்மாரம், எங்கள் பழைய தமிழில் முயலகன் நோய். நடராசரின் காலடியில் கிடக்கிறானே, அவன் பெயரில் வந்த நோய். மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்க வழியில்லாத காலத்தில் எல்லா நாட்டு வைத்தியரும் விழுகிறவர் வாயில் வரும் நுரையைப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து காரணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களை மூடர் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூளையின் நரம்புக் கலங்கள் ஒரேநேரத்தில் அளவுமீறி மின்னுவதால்தான் வலிப்பு வருகிறதென்பது இப்போது தெரிந்த விஷயம்.

உச்சந்தலையில் ஒன்று, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒன்று, காலில் இரண்டு. மயிரளவு ஊசி. இரத்தம் வரவில்லை. பிள்ளை இருபது நிமிடம் கண்ணை மூடிக் கிடந்தாள். எழும்பும்போது தலைப்பாரம் குறைந்ததென்றாள். அது பொய்யில்லை. இராமுழுக்க நித்திரையில்லாத பிள்ளை குளிர் அறையில் அசையாமல் கிடந்ததும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

பிறகு ராத்தா கேட்கவேண்டியதைக் கேட்டா: “டொக்டர், இனிக் குளிசைய உடலாமா?”

வைத்தியர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ஊசி வலிப்பை மாற்றுமென்று தன்னால் சொல்ல முடியாதென்றார். உலகத்தில் இதுபற்றி நடந்த பரிசோதனைகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2014இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வில் 17 பரிசோதனைகள், 1,538 நோயாளர். வலிப்புக்கு ஊசி பலன் தருமென்று நம்பச் சான்று போதாதென்பதே முடிவு. அந்தப் பரிசோதனைகளில் பல ஒழுங்காக நடத்தப்படவுமில்லை. சீன மூலிகைகளைப் பற்றிய 2009 ஆய்வின் முடிவும் ஏறக்குறைய அதுதான். “நோவுக்கு வாங்க, குத்துறன். வலிப்புக்குக் குளிசைதான்” என்றார். பத்துத் தரம் வரச்சொல்லிக் காசு வாங்கியிருக்கலாம் அவர்.

மூலிகையைப் பற்றியும் கேட்டேன். தியன்மா என்றொரு கிழங்கு, கொக்கி முள்ளுள்ள ஒரு கொடி, இவற்றின் சத்துகள் எலிகளில் வலிப்பைக் குறைப்பதாக ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். சீன மூலிகை ஒன்றிலிருந்து மலேரியாவுக்கு மருந்து பிரித்தெடுத்த து யூயூ என்ற பெண் விஞ்ஞானிக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே நாளை ஏதும் வரலாம். ஆனால் வலிப்புக்கான பழைய சீனச் சரக்குகளில் தேள், பூரான், செத்து விறைத்த பட்டுப்புழு எல்லாம் உண்டு. ராத்தா முகத்தைச் சுளித்து, “ஹறாமில்லையா?” என்றா. அதைவிடப் பயமானது சாதிலிங்கம். அது பாதரசம். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் தூளில் என்ன இருக்கிறதென்று தருகிறவருக்கே தெரியாமலிருக்கலாம். இந்தக் கரையோரத்திலேயே ஓர் ஊரில் அப்படியொரு தூளைக் குடித்து, அவர்கள் சொன்னபடி குளிசையை நிறுத்திய ஒரு விதவைச் சகோதரி அடுப்புக்குள் விழுந்து கை வெந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராத்தா நித்திரை கொள்ளவில்லை. “அப்ப சீனாவுல வலிப்புக்காரருக்கு என்னதான் குடுக்கிறாங்க?” என்று கேட்டா. நல்ல கேள்வி. பதிலைத் தேடி வாசித்து அடுத்த கிழமை சொன்னேன். சீனக் கிராமங்களில் இந்த நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 63 பேர் தகுந்த சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். ஊசியும் மூலிகையும் பிறந்த நாட்டிலேதான் இது. 2000களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து ஆறு மாகாணங்களின் கிராமங்களில் ஒரு வேலை செய்தார்கள். பினோபாபிற்றோன் என்ற பழைய, மலிவான குளிசையை ஊர் வைத்தியர்களின் கையில் கொடுத்தார்கள். 2,455 பேர் சேர்ந்தார்கள். ஒரு வருடம் விடாமல் குடித்தவர்களில் 68 வீதமானோருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மூன்றிலொரு பங்கினருக்கு அடியோடு நின்றது. அதன் விபரம் 2006இல் வெளிவந்தது. சீனா தன் கிராமத்துப் பெண்ணுக்குக் கொடுத்ததும், கல்முனை கிளினிக்கில் துண்டு எழுதித் தருவது போன்றதொரு குளிசைதான். ராத்தா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “இத முந்தியே தெரிஞ்சிருந்தா பஸ் காசு மிச்சம்” என்றா.

சகோதரிகளே, கிளினிக்கில் நம் பெண்கள் வாய்திறந்து கேட்காத சில விஷயங்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உலகில் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. ஒழுங்காக மருந்து கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கலியாணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம். ஆனால் பிள்ளை பெறும் வயதில் சோடியம் வல்புரோயேற் என்ற குளிசை போடுகிறவர்கள் அதைப்பற்றி வைத்தியரிடம் கட்டாயம் பேசவேண்டும், வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதி செய்யக்கூடியது. தானாக நிறுத்தவும் கூடாது, வைத்தியர் மாற்றித் தருவார். காபமசெப்பின், பினோபாபிற்றோன் போடுகிறவர்களுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதையும் கேளுங்கள். நோன்பு வருமுன்பே குளிசை நேரத்தைப் பற்றிக் கேளுங்கள், நோயாளிக்கு மார்க்கத்திலும் சலுகை உண்டு. கிணற்றில் தனியே அள்ளிக் குளிக்கவேண்டாம். அடுப்படியில் கூட ஒருவர் இருக்கட்டும்.

விழுந்தவரைக் கண்டால் கையில் திறப்பு வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம், தண்ணீர் பருக்கவும் வேண்டாம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நகத்தால் அழுத்துவது சீன முறை, அதுவும் வேண்டாம். பக்கவாட்டில் சரித்து, கழுத்துச் சீலையைத் தளர்த்தி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதும் வைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஒரு துணியால் மேலே மூடிவிட்டு, சுற்றி நிற்கும் ஆண்களை விலகச் சொல்லுங்கள். இந்தக் கடைசி உதவி அந்தப் பிள்ளை கேட்டது.

இன்னொன்று. விழுகிற எல்லோருக்கும் இந்த நோயல்ல. கண்முன்னே பிள்ளையை, புருஷனைப் பறிகொடுத்த பெண்களில் சிலர் நினைவு கிளம்பும்போது இதே மாதிரி உடல் உதறி விழுவதுண்டு. அது நடிப்பில்லை, ஜின்னுமில்லை. மூளையின் மின்னோட்டத்தில் மாற்றம் இராது, ஆகவே வலிப்புக் குளிசை அவர்களுக்கு உதவாது. இருந்து கேட்க ஒரு ஆள், மனநல வைத்தியர், காலம் இவைதான் உதவும். எது எதுவென்று பிரித்தறிய ஒரு வைத்தியர் பார்க்கவேண்டும். கல்முனையில் மட்டும் இரண்டு அரசாங்க ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன.

அந்தச் சம்பந்தம் என்னவானதென்று கேட்பீர்கள். கொழும்பால் வந்து பத்து நாளில், ராத்தா யாருக்கும் சொல்லாமல் முந்தானையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் உம்மாவிடம் போனா. கிளினிக் கொப்பியையும் கொண்டுபோனா. “பிறகு தெரிஞ்சு புள்ளைய அடிச்சு உடுறத விட இப்ப உடட்டும்” என்றா என்னிடம். அவர்கள் யோசித்துச் சொல்கிறோமென்றார்கள். இதை எழுதும்வரை வரவில்லை. பிள்ளைக்கு அதில் கவலை இருக்கிறது, இல்லையென்று எழுத மாட்டேன்.

இப்போது அவள் உம்மாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறாள். விழுந்த நாளில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி, குளிசை தவறிய நாளில் நீலப் புள்ளி. களுபோவிலயைப் பற்றியும் அந்தக் கல்லைப் பற்றியும் தங்கச்சிமாருக்குக் கதை சொல்கிறாளாம். போன கிழமை நான் போனபோது கலண்டரில் நாலு மாதத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. நீலம் இல்லை. அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை, விடிய ஆறு மணிக்கே நம்பர் எடுக்கவேண்டும்.